குழாயில் தண்ணீர் நின்றால் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்த 30 லிட்டர்!

குழாயைத் திறக்கிறீர்கள். 'புஸ்'ஸுனு காற்றுதான் வருது. பிடித்து வைக்கலாம் என்று நினைக்கும்போது தண்ணி நின்றுபோயிருக்கும். தோட்டத்து வீடுகளில் பெரியவர்கள் டிரம்மை எப்போதும் நிரப்பியே வைப்பது ஏன் என்று அப்போதுதான் புரியும்.

ஆனால் டிரம் நிறைய தண்ணி இருந்தால் மட்டும் போதுமா?

மந்தினுக்கு ஏன் இந்தக் கவலை?

மந்தின் இருப்பது நெகிரி செம்பிலானின் சிரம்பான் மாவட்டத்தில். சிரம்பான் வட்டாரத்துக்கு முக்கிய நீர்த்தேக்கம் சுங்கை தெரிப் அணை. அதற்குத் துணையாகத் தண்ணீர் தருபவை ஜெலுபு பக்கத்து அணைகள். ஜெலுபுவோ நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. ஜனவரி–பிப்ரவரியிலும் ஜூன்–ஜூலையிலும் மழை இன்னும் குறையும்.

2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலானில் தண்ணீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது. பக்கத்து மாநிலமான சிலாங்கூரில் ஏப்ரல் இறுதி வரை தண்ணீர்ப் பங்கீடு நடந்தது.

அழுத்தம் குறையும்போது மேட்டில் இருக்கும் வீடுகளுக்கும் குழாயின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கும்தான் தண்ணி முதலில் நிற்கும். திரும்பி வருவதும் அங்கேதான் கடைசியாக. தோட்டத்து லயங்கள் பல இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

ஒரு சின்ன கணக்கு

மலேசியாவில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 200 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறார். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது 1,000 லிட்டருக்கு மேல்.

இதில் உயிர் வாழத் தேவையானது எவ்வளவு? ஒருவருக்குக் குடிக்க 3 லிட்டர், சமைக்க 3 லிட்டர். ஐந்து பேருக்கு 30 லிட்டர்தான்! இரண்டு நாள் தடை என்றால் 60 லிட்டர். மீதியெல்லாம் குளியல், துணி, கழிப்பறை, வாசல், கார்.

அதனால் இரண்டு விதமாகச் சேமியுங்கள்: குடிக்கும் தண்ணி தனி, புழங்கும் தண்ணி தனி.

குடிக்கும் தண்ணிக்கு

• மூடி இறுக்கமாக உள்ள, உணவுக்கு ஏற்ற பாத்திரம் மட்டும். பெயின்ட், உரம், பூச்சிமருந்து இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.
• குவளையையோ கையையோ உள்ளே விடாதீர்கள். அடியில் குழாய் வைத்த பாத்திரம் நல்லது.
• சந்தேகம் இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற வையுங்கள்.
• தடைக்குப் பிறகு முதலில் வரும் தண்ணி கலங்கலாக இருந்தால் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள்.

புழங்கும் தண்ணிக்கு

• ஷவரில் ஐந்து நிமிடம் நின்றாலே 40, 50 லிட்டர் போய்விடும். வாளியும் குவளையும் போதும்.
• அரிசி, காய்கறி கழுவிய தண்ணி செடிக்கு. துணி அலசிய தண்ணி கழிப்பறைக்கு.
• மழைநீரைப் பிடிக்கலாம். ஆனால் நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை, கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். அதை ஓட விடுங்கள்.
• சொட்டும் குழாயின் கீழே இரவு ஒரு வாளி வையுங்கள். காலையில் பார்த்தால் வாஷர் மாற்றத் தோணும்!

டிரம்முக்குள் இன்னொரு ஆபத்து

மூடாத டிரம்தான் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. முட்டை கொசுவாக மாற சுமார் 7 முதல் 10 நாள் போதும். முட்டைகள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் தாங்கும். அதனால் தண்ணியை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் வரலாம்.

தோட்ட வீட்டில் இருக்கிறீர்களா?

தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (சட்டம் 446), தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. வாரக்கணக்கில் தண்ணி வரவில்லை என்றால் அது உங்கள் விதி அல்ல. தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்து, நிர்வாகத்திடம் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் ஆள்பலத் துறையில் புகார் செய்யலாம்.

இன்று என்ன செய்யலாம்? வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 6ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் வீட்டின் ஒரு நாள் கணக்கு. இரண்டு நாளைக்கான தண்ணியைச் சுத்தமாக மூடி வைத்துவிட்டீர்கள் என்றால், குழாயில் காற்று வரும் அன்றும் வீட்டில் சோறு வேகும்.