ஐராவதிக் கழிமுகமும் நகரத்தார் பணமும்

1852-இல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது ஐராவதிக் கழிமுகத்தின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கரைக்கூட எட்டவில்லை. 1930-களில் அது 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது; உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்று பர்மாதான். 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் ஐரோப்பியச் சந்தையைப் பக்கத்தில் கொண்டுவந்தது. மேல் பர்மாவிலிருந்து இறங்கிவந்த குடியானவர்கள் உழைப்பைத் தந்தார்கள். ஆனால் காடு வெட்டவும், கரை கட்டவும், மாடு வாங்கவும், முதல் நல்ல அறுவடை வரை சாப்பிடவும் பணம் வேண்டுமே? ஆங்கிலேய வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தில் ஏற்றுமதி வணிகத்தோடு நின்றுகொண்டன. குடியானவன் வாசல் வரை பணத்தைக் கொண்டுபோனவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்.

அதைச் சாதாரண வட்டிக்கடை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முதலாளியின் சொந்தப் பணம், பெண்ணுக்கு வந்த சீதனம், உறவினர் போட்டுவைத்த மேம்பணம் எல்லாம் சேர்ந்து உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு வழியாகக் கடல் கடந்தன. கடையை நடத்தியவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குப் போன சம்பள ஏஜென்ட். ரங்கூன் மொகல் தெருவில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். கடைகளுக்குள் கொடுக்கல் வாங்கல் அதையொட்டியே நடந்தது. 1929-30-இல் பர்மா மாகாண வங்கித்துறை விசாரணைக் குழு ஆராய்ந்தபோது ஏறக்குறைய 1,650 கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விவசாயத்தில் முடங்கியிருந்தது. எழுத்துக் கணக்கும் நாணயமும் கட்டுப்பாடும் கொண்ட இந்த அமைப்பு ஏன் சரிந்தது என்பதற்கு விடை அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. பர்மாவின் வளர்ச்சி பரப்பால் வந்தது. ஏக்கருக்கு விளையும் நெல் இத்தனை ஆண்டுகளில் சொல்லும்படியாக உயரவே இல்லை. திருத்துவதற்குப் புது நிலம் இருந்தவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை. நில விலை ஏறிக்கொண்டே போனதால் அதே வயலின் பேரில் மேலும் மேலும் கடன் வாங்க முடிந்தது. விளைச்சல் கூடாமலே கடன் கூடியது. நிலவரி தடையின்றி வந்துகொண்டிருந்த அரசுக்கு விதையிலும் உரத்திலும் முதல் போடும் அவசரம் தோன்றவில்லை. இந்தப் பொறுப்பின்மையை எளிதில் மன்னிக்க முடியாது.

வட்டிக் கொடுமைதான் குடியானவனை அழித்தது என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் விசாரணைக் குழுவிடம் வந்த சாட்சியங்களின்படி, நகரத்தார் வாங்கிய வட்டி உள்ளூரில் கடன் கொடுத்தவர்கள் வாங்கியதைவிடப் பொதுவாகக் குறைவு. கழிமுகத்துப் பியாபோனில் ஆங்கிலேயர் நடத்திய டாசன் வங்கியும் நிலத்தை ஈடாக வாங்கித்தான் கடன் கொடுத்தது. 1930-களில் அதன் கைக்கும் வயல்கள் வந்து சேர்ந்தன. கடன் கொடுத்தவர் எந்த இனத்தவர் என்பதால் அல்ல, ஈடாக ஒரே பொருள், அதன் மதிப்புக்கு ஆதாரமாக ஒரே பயிர் என்றிருந்ததால் வந்த விளைவு இது. இதனால் நகரத்தாருக்குப் பழியே இல்லை என்று ஆகிவிடாது. நெல் விலை ஒருநாள் விழக்கூடும் என்பதற்கு அவர்களும் இடம் வைக்கவில்லை.

1930-இல் விலை விழத் தொடங்கி, சில மாதங்களில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அசலும் வட்டியும் வராதபோது வயல் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவீதமானது. பணமாகத் திரும்ப வேண்டிய முதல் விற்க முடியாத மண்ணாகிக் கிடந்தது. நிலம் இழந்தவன் தன் வயலிலேயே குத்தகைக்காரனானான். இருவருக்கும் நஷ்டம். நிலம் போனதால் எழுந்த வெறுப்பு அரசியலில் புகுந்து, இந்தியர் எல்லாருக்கும் எதிரான கோபமாக வளர்ந்தது.

கூட்டுறவு வங்கியை வளர்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்பார்கள். அதையும் முயன்று பார்த்தார்கள். பர்மா மாகாணக் கூட்டுறவு வங்கி, நகரத்தார் கடைகள் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த அதே 1932-இல் மூடப்பட்டது. மேலிருந்து அமைத்த சங்கங்களில் கடன் வாங்கியவனைத் தெரிந்தவரும் இல்லை, தட்டிக்கேட்பவரும் இல்லை. கடனைச் சீரமைக்கச் சட்டம், விலை விழும் ஆண்டில் தவணையைத் தள்ளிவைக்க ஏற்பாடு, விளைச்சலைக் கூட்டும் ஆராய்ச்சி ஆகிய மூன்றும் ஒருசேர வந்திருந்தால் நிலத்தைப் பறிக்காமலே கடன் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது ஏஜென்ட்டுகள் கணக்குப் புத்தகங்களோடு ஊர் திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நகரத்தார் கோரிய இழப்பீடு பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. அவர்கள் விட்டுப்போன இடத்தில் அதே அளவுக்குக் கடன் கொடுக்கும் அமைப்பு ஒன்றும் குடியானவனுக்குக் கிடைக்கவில்லை.