லவீனோ வரும் வழி

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே வந்தால் அம்பாறை மாவட்டத்தின் முதல் ஊர் பெரியநீலாவணை. அந்த ஊர்ப் பெயரிலிருந்தே நீலாவணன் என்ற புனைபெயரை எடுத்துக்கொண்டவர் ஆசிரியர் சின்னத்துரை. அவர் பிறந்த 1931இல் வடக்கு உகண்டாவின் குளு என்ற ஊரில் ஒகோட் பிபிடெக் பிறந்தார். நீலாவணன் மட்டக்களப்புப் பேச்சுத் தமிழில் உழவர் வாழ்வைக் காவியமாகப் பாடினார், அதுதான் 'வேளாண்மை'. ஒகோட் அச்சோலி மொழியில் 'லவீனோவின் பாட்டு' பாடினார். ஆபிரிக்கக் கவிதை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்த பாதையைச் சொல்ல இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது எனக்கு அவசியமாகப் படுகிறது.

லவீனோ எழுத்தறியாத கிராமத்து மனைவி. படித்துவிட்டு வந்த கணவன் ஒக்கோல், உதட்டுச்சாயம் பூசும் கிளெமென்டைன் பக்கம் சாய்ந்துவிட்டான். ஊர் வழக்கங்கள் எல்லாம் அவனுக்கு இழிவாகிவிட்டன. லவீனோ ஒதுங்கி அழவில்லை. உறவுமுறையாரை ஒவ்வொருவராக விளித்து நியாயம் கேட்கிறாள். பழைய வளவில் படர்ந்த பூசணிக் கொடியைப் பிடுங்கலாகாது என்பது அச்சோலிப் பழமொழி. குடிமாறிப் போகிறவன்கூடத் தானாய்க் காய்க்கும் கொடியை அழிக்க வேண்டியதில்லை. அந்தப் பழமொழிதான் கவிதை முழுவதற்கும் அச்சாணி.

1956இல் உகண்டாக் கால்பந்து அணியோடு வெறுங்காலில் விளையாட இங்கிலாந்து போன ஒகோட், அங்கேயே படிக்கத் தங்கினார். கவிதையை அவரே ஆங்கிலமாக்க, அது 1966இல் நைரோபியில் வெளிவந்தது. அச்சோலி மூலம் அதன் பிறகுதான் அச்சேறியது. மூலத்தில் ஓசையும் இயைபும் இருந்தன. ஆங்கிலத்தில் அவை கழன்று, குறுகிய வரிகளில் ஓடும் புதுக்கவிதையாயிற்று. முதல் எல்லையைக் கடக்கும்போதே கவிதை தன் பாட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

லவீனோவுக்கு முன்பே ஆபிரிக்கக் கவிதை உலகப் பயணம் தொடங்கிவிட்டது. செனெகலின் செங்கோர் 1948இல் பாரிஸில் வெளியிட்ட கவிதைத் தொகுப்புக்குப் பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் முன்னுரை எழுதினார். 1963இல் ஜெரால்ட் மூரும் உல்லி பையரும் தொகுத்த நவீன ஆபிரிக்கக் கவிதைகள் பெங்குவின் பதிப்பாக வந்தன. செங்கோர் தம் கவிதைகள் சிலவற்றின் தலைப்பிலேயே கோரா, பலஃபோன் என்று பக்கவாத்தியத்தைக் குறித்தார். கையில் வாத்தியம் இல்லாத வாசகன் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டுக் கடந்து போகிறான்.

இந்தப் பாதையில் கொழும்புக்கும் ஓர் இடம் இருந்ததை நாம் மறந்துவிட்டோம். 1958இல் தாஷ்கெந்தில் கூடிய ஆபிரிக்க ஆசிய எழுத்தாளர் மாநாட்டுக்குப் பின் அவர்களின் நிரந்தரச் செயலகம் அமைந்தது கொழும்பில்தான். சீன சோவியத் பிளவில் அந்த அமைப்பு இரண்டுபட்டது. கெய்ரோ பக்கம் நின்றவர்கள் நடத்திய இதழே 'லோட்டஸ்'. அதன் பெயரிலான விருது 1969இல் பலஸ்தீனத்தின் மஹ்மூத் தர்வீஷுக்கும், அடுத்த ஆண்டு அங்கோலாவின் அகஸ்தினோ நெட்டோவுக்கும் கிடைத்தது. தர்வீஷையும் அவருடைய தோழர்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான், 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வந்தது. மறு ஆண்டு தமிழகத்தில் இந்திரனின் மொழிபெயர்ப்புத் தொகுப்பான 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' வெளிவந்தது. தமிழில் கறுப்புக் கண்டத்துக்குத் திறந்த பெரிய வாசல் அதுதான்.

அந்த வாசலால் சங்கிலி, சவுக்கு, தோலின் நிறம், வெள்ளையனின் பள்ளிக்கூடம், பறிபோன நிலம் எல்லாம் உள்ளே வந்தன. எண்பதுகளில் நமக்கு அவை தேவைப்பட்டன. ஆனாலும் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 'புத்தரின் படுகொலை' எழுதிய நுஃமானுக்கு ஆபிரிக்காவிடமிருந்து சீற்றத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் குறைவாக வந்து சேர்ந்தது வேறொன்று: அந்தக் கவிதை வாயால் இயங்கும் முறை. திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றுவது, ஆளை முன்னால் நிறுத்தி விளிப்பது, பழமொழியைச் சாட்சிக்கு அழைப்பது, ஒருவர் எடுக்க மற்றவர் தொடுப்பது. மொழிபெயர்ப்பில் இவை வெறும் கூறியது கூறலாகத் தெரிய, பலர் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கினால் மிஞ்சுவது கோஷம்.

இந்தக் கரையில் இருப்பவருக்கு அப்படிச் சுருக்க மனம் வராது. மாடு கட்டி நெற்சூடு மிதித்த காலத்தில் களவெட்டி என்னும் நெற்களத்தில் 'பொலி' என்ற ஒரே சொல் இரவு முழுதும் திரும்பி வந்தது. மாட்டை நடத்தியதும், மனிதனின் தூக்கத்தைக் கலைத்ததும், விளைச்சலை வேண்டியதும் அந்தச் சொல்லே. யாரும் அதை அலுப்பு என்று சொல்லவில்லை. பெரியநீலாவணைக்கு அடுத்த ஊர் மருதமுனை. அங்கும் இந்தக் கரை முழுவதிலும் முஸ்லிம் பெண்கள் வாயில் வழங்கிய நாலடிக் கவியில் மச்சானையும் மச்சியையும் நேரே விளித்துத்தான் பேச்சு. முதல் அடிகளில் வயலோ கடலோ வரும், பின்னடிகளில் மனம் திறக்கும். கோபமும் ஆசையும் ஏச்சும் அந்த நாலு அடிக்குள் நின்றன. லவீனோ தன் உறவுமுறையாரை விளிப்பதும் இதே நிலையில் நின்றுதான்.

நீலாவணன் 1975இல் காலமானார். 'வேளாண்மை' நூலானது 1982இல்; ஒகோட் இறந்ததும் அதே ஆண்டு. வாயில் வாழ்ந்த பேச்சு நவீன கவிதைக்குப் போதும் என்று இரண்டு பேரும் தத்தம் ஊரிலிருந்தே கண்டறிந்திருந்தார்கள். ஆகவே லவீனோவைத் தமிழாக்க முனைகிறவரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அவளை ஏட்டுத் தமிழில் பேசவிடாதீர்கள். ஆங்கிலப் பிரதியில் திரும்பி வரும் வரிகளில் ஒன்றையும் வெட்டாதீர்கள். முதற்பகுதியை முடித்ததும், கவி தெரிந்த மூதாட்டி ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஒக்கோலைப் பற்றி அவர் சொல்லும் ஏச்சைக் குறித்துக்கொண்டு, அடுத்த பகுதிக்குப் போங்கள்.