ஒரு தொண்டையில் ஓர் இராமாயணம்

மதுரை முதல் கன்னியாகுமரி வரையுள்ள கிராமங்களில், அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருக்கும் நாட்களில், ஊர் மந்தையில் நான்கு மூங்கிலை நட்டு, பழஞ்சேலைகளால் சுற்றி மறைத்து, முன்புறம் மட்டும் ஒரு வெள்ளை வேட்டியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கக் கண்டால், தோற்பாவைக் கூத்துக்காரன் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான் என்று ஊரார் அறிந்துகொள்வது வழக்கமாயிருந்தது. மண்டிகர் என்னும் இவ்வினத்தார் வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சை மராட்டிய மன்னர்களின் காலத்தில் தம் முன்னோர் தெற்கே வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் கர்ண பரம்பரை. அந்த அரசும் வாரிசற்று 1855-இல் கும்பினியார் வசமாயிற்று; கூத்துக்காரனுக்கோ ஊர் ஊராய்த் திரிவதே ஜீவனமாயிற்று.

ஆட்டுத்தோலை ஊறவைத்து மயிர் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்தி, அதில் உருவம் வரைந்து, சிற்றுளியால் துளை துளையாகக் குத்தி நகைகளையும் பூவேலையையும் உண்டாக்கி, சாயம் தீட்டி முடிக்கும் வரையில் அவன் தோல்வினைஞன், ஓவியன், தச்சன். விளக்கேற்றித் திரைக்குப் பின்னே அமர்ந்த கணத்திலோ, அவன் ஒருவனே இராமன், அவனே சீதை, அவனே கும்பகர்ணன். மனைவி ஆர்மோனியத்தோடு பின்பாட்டுப் பாட, மகன் மிருதங்கம் தட்ட, இவன் இரு கைகளாலும் பாவைகளை மோதவிட்டு, கும்பகர்ணனுக்காக அடிவயிற்றிலிருந்து உறுமிய மூச்சு அடங்குமுன் சீதைக்காகக் குரலை மெலிவித்து, காலடியில் கிடக்கும் பலகையை ஓங்கி மிதித்துப் போர் முழக்கமும் எழுப்புவான்.

பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் இதே போலத் தோற்பாவை ஆட்டி, கம்பன் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்கும் புலவர்களுக்குக் கோயிலின் ஆதரவு உண்டு. கூட்டம் இல்லாவிடினும் அம்மன் கேட்கிறாள் என்ற திருப்தியும் உண்டு. நம் கூத்துக்காரனுக்குக் கூட்டமே கோயில். ஆகையால்தான் அவன் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு கோமாளிகளை இராமகதைக்குள் தாராளமாக நடமாட விட்டான். சேதுபந்தனத்தின் நடுவே, “ஏலே, நம்ம ஊரு ஓடைக்கு ஒரு பாலம் போட மாட்டேங்கானுவ, குரங்குவ கடலுக்கே போட்டுட்டுதுவளே!” என்கிற தோரணையில் ஒருவன் கேட்க, சம்பந்தப்பட்ட பெரிய மனிதரும் கூடச் சிரித்தே தீர வேண்டும். நேரில் சொன்னால் அடி விழும். தோல் சொன்னால் துட்டு விழும். என்னைக் கேட்டால், வால்மீகிக்கு அவன் பட்ட கடனைவிட இவ்விருவருக்குப் பட்ட கடனே பெரிது.

பத்து நாள் கதை நடந்து பட்டாபிஷேகத்தன்று நெல்லும் வேட்டியும் காசும் சேரும். மழை பொய்த்த ஆண்டில் இராமாயணக் கூத்து நடத்தினால் மேகம் திரளும் என்று ஊரார் நம்பியதால், மழைக்குப் பரிந்துரைக்கும் பொறுப்பும் அவன் தலையில் ஏறியது.

1931-இல் ‘காளிதாஸ்’ படத்தோடு தமிழ் சினிமா பேசத் தொடங்கிய பின்னர், டூரிங் கொட்டகைகள் கிராமங்களை நெருங்க நெருங்க, கூத்துத் திரையின் முன் பாய் விரித்தவர்கள் குறைந்தனர். அவன் அதற்கும் ஈடுகொடுத்து, கதைக்கு இடையே சினிமாப் பாட்டையும் ரிக்கார்டு டான்ஸையும் நுழைத்தான். கலை கெட்டது என்று பண்டிதர்கள் முகம் சுளித்தனர். அவர்கள் ஒரு படி நெல்லாவது அளந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டதும் இராவணன் போரில் பலகையை மிதித்த அதே கால்தான்.