நீரும் தூண்டிற்கோலும்



ஒரு கருவியைக் கண்டவுடன், "இஃது எவ்வளவு முன்னேறியது?" என்று கேட்பது நம் வழக்கம். வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில், அதற்கு முன் வேறொரு வினாவைக் கேட்குமாறு உங்களை வேண்டுகிறேன்: "இஃது எவ்விடத்திற்கென்று செய்யப்பட்டது?" இவ்வினாவின் பயனைத் தூண்டிற்கோலின் வரலாறு கொண்டு விளக்குவேன்.

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோப்பதை நாம் அறிவோம். முள்ளின்மேல் கம்பளி நூலையும் இறகையும் கட்டி, ஈயைப்போலத் தோன்றச் செய்து மீனைக் கவரும் முறையும் உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஈலியானஸ், மாசிடோனிய ஆற்றங்கரை மக்கள் இவ்வாறு மீன் பிடித்ததைக் குறித்துள்ளார். அவர்களுடைய கோல் 6 அடி. நூலும் 6 அடி.

இப்பொய் ஈக்கு எடை இல்லை. கல்லை எறியலாம், இறகைத் தொலைவில் எறிய இயலுமா? ஆகவே, வளைந்து நிமிரும் கோல் நூலை வீச, நூலே ஈயைச் சுமந்து செல்கிறது. வீசும் வகை நீர்நிலைக்கு நீர்நிலை மாறியது. கோலும் அதனுடன் மாறியது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சென் ஆறுகள் சுண்ணப்பாறையில் ஊறி, தெளிந்து, அமைதியாகச் செல்வன. அங்கு ட்ரவுட் மீன் நீரின்மேல் மிதக்கும் பூச்சியை நாடும். 1886-இல் ஹால்ஃபோர்டு என்பார் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஈ மிதக்க வேண்டுமாயின், அதனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி ஈரத்தை உதற வேண்டும். அதற்கு ஒரு கையால் ஆளத்தக்க இலேசான கோல் வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆறோ அகன்றது, விரைந்தோடுவது. கரையில் மரங்கள் செறிந்த இடங்களில் நூலைப் பின்னால் வீசினால் கிளையில் சிக்கும். எனவே, நூலை முன்னே நீரில் படியவிட்டு, வளையமாக எழுப்பி அக்கரை நோக்கிச் செலுத்தினர். இதற்கு இரு கைகளாலும் பிடிக்கும் நெடுங்கோல் தேவைப்பட்டது. 15 அடியையும் கடந்த கோல்கள் இருந்தன.

ஜப்பானிய மலையோடைகளில் பாறைகளுக்கிடையே சிறு மடுக்கள் உண்டு. நூல் நீரில் படிந்தால், ஓட்டம் ஈயை இழுத்துச் சென்றுவிடும். ஆதலால் 'டென்காரா' என்னும் முறையில், நீண்ட மெல்லிய மூங்கிற்கோலின் நுனியிலேயே நூலைக் கட்டினர். நூலை உயர்த்திப் பிடித்து ஈயை மட்டும் நீரில் விட்டனர். நூல் சுற்றும் உருளை அதில் இல்லை.

உருளை இல்லாமையால் அதனைப் பிற்பட்ட கருவி என்னலாமா? கோலுக்கு எட்டும் மடுவில் உருளைக்கு வேலை ஏது? ஸ்பே கோலை அவ்வோடைக்குக் கொண்டு சென்றால் வீச இடமிராது. டென்காராக் கோலை ஸ்பே ஆற்றுக்குக் கொண்டு சென்றால், பெரிய சால்மன் மீன் நூலை அறுத்துக்கொண்டு ஓடிவிடும்!

கோல் செய்யும் பொருளும் மாறிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் மூங்கிலைப் பிளந்து, ஆறு சிம்புகளை ஒட்டிக் கோல் செய்தனர். அதற்குச் சிறந்த மூங்கில் பின்னர்த் தென்சீனத்திலிருந்து வந்தது. 1950-இல் அமெரிக்கா சீனப் பொருள்களைத் தடுக்கவே, கண்ணாடியிழைக் கோல் பெருகியது. 1970-களில் கரியிழைக் கோல் வந்தது. ஆயினும், இன்றும் ஆற்றை நோக்கியே கோலைத் தேர்கின்றனர்.

ஏரையும் படகையும் வீட்டையும் இவ்வாறே ஆராயுங்கள். பிற நாட்டார் கருவியை எள்ளாமலும், நம்முடையதைத் தாழ்வென்று நாணாமலும் இருக்க இவ்வினா துணைபுரியும்.