பாட்டு பீரியடும் ஒரு ஷில்லிங்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெல் அடித்த பிறகும் டீச்சர் விடமாட்டாங்க என்று நீங்கள் அந்தக் காலத்தில் முணுமுணுத்ததெல்லாம் என் காதில் விழுந்ததுதான்.

போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் பேத்தி வீடியோ காலில் வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "ஆச்சி, எங்க மியூசிக் கிளாஸ்ல என்ன செஞ்சோம் பாரு" என்று கையை மூடி வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு 'டோ' என்று பாடினாள். கையைச் சாய்வாகத் தூக்கி 'ரே'. உள்ளங்கை தரையைப் பார்க்க நீட்டி 'மி'. ஒவ்வொரு சுரத்துக்கும் கை ஒரு படி ஏறியது. கடைசிக்கு முந்தின 'டீ'க்கு ஆள்காட்டி விரல் மேலே. வாத்தியமும் இல்லை, புத்தகமும் இல்லை. நான் கையைக் காட்டினால் அவள் பாடுகிறாள், அவள் கையைக் காட்டினால் நான் பாட வேண்டும். நான் மூன்றாவது சுரத்திலேயே தோற்றுப்போனேன்.

இதை யார் கண்டுபிடித்தது என்று தேடி நாலு நாள் படித்தேன். நான் படித்ததை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இங்கிலாந்தில் நாரிச் என்று ஒரு ஊர். அங்கே சாரா க்ளோவர் என்ற பாதிரியார் மகள், 1786இல் பிறந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் மேல்நாட்டு இசைக்குறிப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. அவர் கோட்டையும் புள்ளியையும் ஒதுக்கிவிட்டு, டோ ரே மியின் முதல் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார். 'சோ', 'சி' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கிக் குழப்பியதால் 'சி'யை 'டீ' என்று மாற்றியவரும் அவர்தான். சுரங்களை ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டிப் பாடவைத்தார். நம் சட்ஜம் போலவே அவருடைய 'டோ'வும் சுருதிக்குத் தக்கபடி இடம் மாறும். சரளி வரிசை பாடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

1835இல் அவர் எழுதிய புத்தகம் ஜான் கர்வன் என்ற இளம் பாதிரியார் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எளிய வழி ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி அவரிடம்தான் கேட்டுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அவருக்கே இசைக்குறிப்பு வாசிக்கத் திணறல். அதனால்தான் இவ்வளவு நன்றாகச் செய்தார் என்பது என் எண்ணம். கணக்கு வராமல் கஷ்டப்பட்டவர் நல்ல கணக்கு வாத்தியார் ஆவதை நானே பார்த்திருக்கிறேன். கர்வன் அந்த முறையை மாற்றி, விரித்து, 'டானிக் சோல்ஃபா' என்று பெயரிட்டுப் பரப்பினார். கைக்குறிகள் 1870ஐ ஒட்டி அவர் சேர்த்தவை. மூலம் யாருடையது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் உலகம் கர்வன் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது.

அடுத்த விஷயத்தைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். 1872இல் இங்கிலாந்து அரசு, பாட்டுச் சொல்லித்தராத ஆரம்பப் பள்ளிக்கு மானியத்தில் பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் குறைத்தது. 1882இல் விதியை மாற்றினார்கள். பிள்ளைகள் கேள்வி ஞானத்தில் பாடினால் தலைக்கு 6 பென்ஸ், குறிப்பைப் பார்த்துப் பாடினால் ஒரு ஷில்லிங், அதாவது இரண்டு மடங்கு.

இந்த எழுத்து முறைக்குத் தனி அச்சு தேவையில்லை. எந்த அச்சகத்திலும் அடிக்கலாம், கரும்பலகையில் எழுதலாம். ஆகவே மிஷனரிகளோடு அது கப்பலேறியது. நம் மிசோரத்துக்கும் வந்தது, தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. அங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஈனாக் சொன்டோங்கா என்று ஓர் ஆசிரியர். 1897இல் ஒரு பாட்டுக்கு மெட்டமைத்து அதே டோ ரே மி எழுத்துகளில் எழுதினார். பிள்ளைகளைப் பாடவைத்தார். 1905இல், முப்பது வயதைச் சற்றே தாண்டியபோது இறந்துபோனார். 'இன்கோசி சிகெலேலி ஆஃப்ரிக்கா' என்ற அந்தப் பாட்டு விடுதலைப் போராட்டக் கூட்டங்களில் எல்லாம் ஒலித்து, இன்று தென்னாப்பிரிக்க தேசியகீதத்தின் முதல் பகுதியாக நிற்கிறது. டர்பன் தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளியில் அதைத்தான் பாடுகிறார்கள்.

பிறகு ஹங்கேரியில் கோடாய் என்ற இசைமேதை, இங்கிலாந்துப் பாடகர் குழுக்களைக் கேட்டு வியந்து, இந்தக் கைக்குறிகளைத் தன் நாட்டுப் பிள்ளைகளின் நாட்டுப்பாடல்களோடு சேர்த்தார். 1950இல் அவர் பிறந்த கெச்கெமெட் ஊரில் தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் ஆரம்பப் பள்ளி ஒன்று தொடங்கியது. அங்கிருந்துதான் இந்த முறை உலகம் சுற்றி, என் பேத்தி வரை வந்திருக்கிறது.

இப்போது என் கதை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செவ்வாயும் வியாழனும் கடைசி பீரியட் பாட்டு. சுருதிப் பெட்டியைத் தூக்கிவர இரண்டு பேர் போட்டி போடுவீர்கள். பிப்ரவரி வந்துவிட்டால் நான் வாசலில் போய் நிற்பேன். "டீச்சர், பின்னம் முடியல, இன்னிக்கு ஒரு நாள்." பாட்டு டீச்சர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. "எடுத்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போவார். அந்த ஒரு நாள் மூன்றாம் பருவம் முழுக்க நீளும். நீங்களும் வாய் திறக்காமல் கணக்கு நோட்டை எடுப்பீர்கள். அவருடைய வகுப்பும் என் வகுப்பைப் போல ஒரு பாடம் என்றே எனக்கு அன்று தோன்றவில்லை. ஓய்வு நேரம், அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் இப்போது இல்லை. நேரில் சொல்ல வழியில்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஆண்டு விழாவுக்கு அவர் சொந்தமாக மெட்டுப் போட்டு உங்களைப் பாடவைத்த மழைப்பாட்டு ஒன்று உண்டு. எனக்கு முதல் வரியின் மெட்டு மட்டும்தான் தெரிகிறது. உங்களில் யாருக்காவது முழுதும் நினைவிருந்தால் பாடி ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பேத்தி அதற்குக் கைக்குறி போட்டுத் தருகிறேன் என்கிறாள்.