கைபேசிக்குள் அடைபட்ட பண்பலை: தென்சென்னைப் புறநகர் வெள்ளங்களை முன்வைத்து

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் போயின. மின்சாரம் போனது, சிறிது நேரத்தில் செல்போன் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மறைமலைநகரிலுள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியாததால் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அப்படி ஒரு நாள் அதுவே முதல்முறை. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற வதந்தி மட்டும் தடையின்றிப் பரவியது. ஏரி உடையவில்லை. அதன் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூர் அந்த இடத்துக்கு ஆற்றோட்டத்தின் மேல்பக்கம் இருக்கிறது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த நீர். மொட்டைமாடியில் நின்றவர்களுக்கு அந்த ஒரு தகவல் கிடைத்திருந்தால் எந்தத் திசையைக் கவனிக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்த கருவிகளில் பலவற்றுக்கு வானொலி அலையைப் பிடிக்கும் ஆற்றல் உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அது இணைக்கப்படாமலோ, முடக்கப்பட்டோ, இயர்போன் இல்லாததால் பயன்படாமலோ கிடந்தது. திறன்பேசியில் பண்பலை இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அந்தக் காரணம் பாதிக்குத்தான் பொருந்தும். மீதிப் பாதி வணிகக் கணக்கு. கூடவே, அதைத் தட்டிக் கேட்காத அரசின் தயக்கம்.

தொழில்நுட்பத்தை முதலில் பார்க்கலாம். பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 75 செ.மீ. நீளமுள்ள ஆன்டெனா வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. அதனால் பொறியாளர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள்: இயர்போன் கம்பியையே ஆன்டெனாவாக்கினார்கள். பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் காதில் கம்பியோடு 98.3ஐயும் 93.5ஐயும் கேட்டுக்கொண்டு போன தலைமுறைக்கு, பாட்டைப் பிடித்துத் தருவதே அந்தக் கம்பிதான் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிப் ஒரு தடையே இல்லை. குவால்காம், மீடியாடெக், பிராட்காம் போன்ற நிறுவனங்களின் வைஃபை–புளூடூத் சிப்புகள் பலவற்றில் பண்பலை அலைவாங்கியும் சேர்ந்தே வந்தது. கைபேசி நிறுவனம் செய்ய வேண்டியதெல்லாம் ஆன்டெனா வழியை இணைத்து, மென்பொருளைச் சேர்த்து, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான். அந்தச் சில்லறைச் செலவுக்குக்கூடப் பல நிறுவனங்கள் காரணம் காணவில்லை.

2016இல் ஆப்பிள் தன் ஐபோன் 7இலிருந்து இயர்போன் துளையை எடுத்துவிட்டது. மற்ற நிறுவனங்களின் விலையுயர்ந்த கைபேசிகளும் பின்னாலேயே போயின. துளை போனதும் கம்பி போயிற்று; கம்பியோடு ஆன்டெனாவும் போயிற்று. மறு ஆண்டு இர்மா புயல் புளோரிடாவைத் தாக்கியபின், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத் தலைவராக இருந்த அஜித் பாய் ஐபோனில் பண்பலையை இயக்குமாறு ஆப்பிளைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். ஐபோன் 7இலும் 8இலும் பண்பலைச் சிப்பும் கிடையாது, அதற்கான ஆன்டெனாவும் கிடையாது என்று ஆப்பிள் பதில் சொன்னது. பதில் உண்மைதான். ஆனால் அந்த இரண்டையும் வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததும் ஆப்பிளேதான் என்பதைப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டது.

பண்பலை இருந்தால் டேட்டா விற்காது, அதனால்தான் ஒழித்துக்கட்டினார்கள் என்றொரு விளக்கம் பரவலாக உண்டு. அமெரிக்காவில் கைபேசிகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே விற்றுவந்ததால் அங்கே அதற்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. இந்தியாவில் அது இடறுகிறது. இந்தியச் சந்தையில் டேட்டாவை மலிவாக்கிய ஜியோ 2017இல் கொண்டுவந்த ஜியோபோனில் பண்பலை இருந்தது. இங்கே கண்ணுக்குத் தெரியும் பிளவு வேறு: விலை ஏற ஏற வானொலி மறைகிறது. 2023 மே மாதம் 1,299 ரூபாய்க்கு வந்த நோக்கியா 105இல் இயர்போன் இல்லாமலே பண்பலை கேட்கலாம். ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது. கம்பி தரும் தெளிவு அதற்கு வராதுதான்; ஆனாலும் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க் கருவிக்குள் அடங்குவது எண்பதாயிரம் ரூபாய்க் கருவிக்குள் அடங்காது என்று யாராவது சொன்னால் நம்பக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வானொலி கேட்பவர் கைபேசி நிறுவனத்துக்கு ஒரு பைசாவும் தருவதில்லை. பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா உண்டு, அதில் பங்கு உண்டு, கேட்பவரின் விருப்பம் பற்றிய தரவும் உண்டு. பண்பலை யார் கேட்டார்கள், எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று யாருக்கும் சொல்லாது. கேட்பவருக்கு அது நன்மை. விற்பவருக்கு அதுவே குறை.

இந்தப் பிளவின் இரு முனைகளும் தாம்பரத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. சாதாரண மக்களின் பையில் வானொலியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த நிறுவனத்தின் மலிவுக் கைபேசிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கானும், செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா சிட்டியில் 2022இல் பெகட்ரான் தொடங்கிய ஆலையும் வானொலி இல்லாத ஐபோனை உருவாக்குகின்றன. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் 1977 ஜூலை 23 அன்று தொடங்கிய ஊரும் இதே சென்னைதான்.

அரசு பேசாமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் இறுதியில் ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைபேசித் தொழில் அமைப்புகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பண்பலை வசதியுள்ள கைபேசியில் அதை முடக்கக் கூடாது, இல்லாத கைபேசியில் சேர்க்கலாம் என்றது. பேரிடர்க் காலத் தேவையையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும், வன்பொருள் உள்ள எல்லாக் கைபேசிகளிலும் பண்பலை இயங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒன்று அறிவுறுத்தல், மற்றது பரிந்துரை. மீறினால் தண்டம் இல்லை. வன்பொருளையே வைக்காத நிறுவனத்தை ‘வன்பொருள் இருந்தால்’ என்ற நிபந்தனை தொடவும் தொடாது.

மூன்று மாதம் கழித்து, டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி மூழ்கின. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் பல நாள் தண்ணீரில் நின்றன. மின்சாரமும் சிக்னலும் பல தெருக்களில் மீண்டும் சேர்ந்தே போயின. இரண்டும் சேர்ந்து போவதில் வியப்பில்லை. செல்போன் கோபுரம் மின்வெட்டில் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு டீசல் ஜெனரேட்டரில். டீசல் லாரி தண்ணீரைத் தாண்டி வர முடியாத தெருவில் கோபுரமும் அடங்கிவிடும். ஒரு பகுதிக்கு அப்படிப் பல கோபுரங்கள் உயிரோடு இருந்தாக வேண்டும். ஒரு பண்பலை நிலையத்துக்கு ஒரே கோபுரம் போதும். அது நகர மையத்தில் இருந்தபடியே தாம்பரத்தை எட்டிவிடும். எத்தனை லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அலையில் நெரிசல் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். ஒன்று, அரசு சோதித்துப் பார்த்த அவசர எச்சரிக்கைச் செய்தி. கைபேசி பெரும் ஒலியெழுப்பித் திரையில் காட்டுமே, அது. புயலுக்கு முன் அது மிகப் பயனுள்ளது. ஆனால் அதுவும் அதே கோபுரத்தின் வழியாகத்தான் வருகிறது. இரண்டாவது, ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பது. வைத்துக்கொள்ளலாம், நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் ஏறும்போது எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவது கைபேசியைத்தான்.

வானொலியின் பக்கமும் ஒரு குறை இருக்கிறது; அதை மறைத்துவிட்டு இந்த வாதத்தை முன்வைக்க முடியாது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை அப்படியே மறுஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, உள்ளூர் நிர்வாகம் தரும் பேரிடர் அறிவிப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். நிர்வாகம் தகவல் தராத இரவில் அங்கே மிஞ்சுவது சினிமாப் பாட்டு. தனியாருக்கு மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி அனுமதிக்கலாம் என்று அதே 2023 பரிந்துரையில் டிராய் சொன்னதை இந்தக் கோணத்தில்தான் படிக்க வேண்டும். மாற்று வழிக்குத் தமிழகத்திலேயே முன்மாதிரி இருக்கிறது: 2015 வெள்ளத்தின்போது கடலூரில் 107.8இல் இயங்கிய ‘பேரிடர் கால வானொலி’. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 முதல் ஒலிக்கும் அண்ணா எஃப்.எம்., காட்டாங்குளத்தூரின் ‘முத்துச்சரம்’ போன்ற சமுதாய வானொலிகள் சில கிலோமீட்டர் வட்டத்துக்குப் பேசுபவை. எந்தத் தெருவில் படகு, எந்தப் பள்ளியில் சோறு என்று சொல்ல அந்தச் சிறு வட்டமே ஏற்றது.

ஒன்றிய அரசின் கட்டாய ஆணை வரட்டும் என்று மாநில அரசும், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியும் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் கைபேசி வாங்குபவை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் அரசுப் பணத்தில் கைபேசி வாங்கும்போது, இயர்போன் இல்லாமல் இயங்கும் பண்பலை வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியில் ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றச் சட்டம் எதுவும் தேவைப்படாது.