புலம்பலும் விசுவாசமே: குழந்தையை இழந்த பெற்றோரும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

பச்சிளங்குழந்தையைப் பறிகொடுத்த கிறிஸ்தவப் பெற்றோரிடம் சபையார் முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு விளக்கத்தைத்தான். ‘கர்த்தருடைய சித்தம்’, ‘உங்கள் விசுவாசத்தைச் சோதிக்கிறார்’ என்ற சொற்கள் துக்க வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. சொல்பவர்களின் அன்பில் ஐயமில்லை. ஆனால், மரணத்தின் காரணத்தை ஏற்றுக்கொண்டால் விசுவாசம் நிலைக்கும், கேள்வி எழுப்பினால் தளரும் என்ற முன்முடிவு அவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. வேதாகமமும் திருச்சபை வரலாறும் இதற்கு இடம் தரவில்லை. பதில் வராத நிலையிலும் கடவுளை நோக்கிப் பேசுவதை நிறுத்தாதிருப்பதே இத்தகைய இழப்புக்குப் பின் விசுவாசம் எடுக்கும் வடிவம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையில் முடிகின்றன. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைப் பாடியவர் தம் துன்பத்துக்குக் கடவுளையே பொறுப்பாக்குகிறார். ஆயினும் இரவும் பகலும் அவரையே கூப்பிடுகிறார். அந்தப் பாடல் ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமலே வழிபாட்டு நூலில் இடம்பெற்றது. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தின் சூனேம் ஊர்ப் பெண்ணும் இதற்குச் சான்று. தன் மடியில் இறந்த சிறுவனை எலிசாவின் கட்டிலில் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டுக் கர்மேல் மலைக்கு விரைகிறாள்; தீர்க்கதரிசியின் கால்களைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை வேண்டுமென்று தான் கேட்கவே இல்லையே என்று வழக்காடுகிறாள். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி அவளை விலக்க வருகிறான். எலிசா அவனைத் தடுத்து, அவளுடைய துயரத்தைக் கர்த்தர் தமக்கு மறைத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறார். அவளுக்கு மகன் உயிரோடு திரும்பக் கிடைத்தான். எல்லாப் பெற்றோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. ஆனால் அதற்கு முன்பே அவளது வழக்கு செவிகொடுக்கத் தக்கதாக மதிக்கப்பட்டது.

மார்ட்டின் லூத்தரின் மகள் எலிசபெத் 1528 ஆகஸ்டில் எட்டு மாதக் குழந்தையாக இறந்தாள். கருச்சிதைவிலும் பிரசவத்திலும் குழந்தையை இழந்த பெண்களுக்காக அவர் எழுதிய சிறு ஆறுதலுரை, சக சீர்திருத்தவாதி பூகன்ஹாகனின் சங்கீத விளக்கவுரைக்குப் பின்னிணைப்பாக 1542இல் வெளிவந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்குப் பரலோகம் இல்லை என்ற கருத்து வேரூன்றியிருந்த காலம் அது. அத்தகைய குழந்தையைப் புனிதப்படுத்திய நிலத்தில் புதைக்கவும் தடை இருந்தது. லூத்தர் தாயின்மேல் பழி சுமத்த மறுக்கிறார். கடவுளின் மறைவான தீர்ப்பை ஊகிக்க வேண்டாம் என்கிறார். ரோமர் 8:26ஐயும், செங்கடலின் முன் நின்ற மோசேயின் பேசாத கூக்குரலையும் காட்டி, தாயின் பெருமூச்சையே கடவுள் ஜெபமாக ஏற்கிறார் என்று வாதிடுகிறார். கத்தோலிக்கத் தரப்பில் சர்வதேச இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ஆவணமும், அக்குழந்தைகளின் மீட்பை நம்பி ஜெபிக்க ஆதாரம் உண்டு, ஆனால் உறுதியான அறிவு நமக்கு இல்லை என்று நிதானமாகவே சொல்கிறது.

தாவீதைக் காட்டி மறுப்போர் உண்டு. 2 சாமுவேல் 12இல் குழந்தை ஏழாம் நாளில் இறந்ததும் அவர் குளித்து, உடைமாற்றி, ஆராதித்து, உணவு உண்கிறார். அப்படியானால் அமைதியாக ஏற்பதுதானே முன்மாதிரி? ஆனால் அதே தாவீது, வளர்ந்த மகன் அப்சலோம் இறந்தபோது ஆற்றமாட்டாமல் கதறினார். ஒருவரே இரு விதமாகத் துக்கப்பட்டிருக்கும்போது ஒன்றை மட்டும் சட்டமாக்க முடியாது. இதைவிடக் கடினமான மறுப்பும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது: குழந்தையின் சாவு தந்தையின் பாவத்தோடு இணைக்கப்படுகிறது. அதை அறிவித்தவர் அந்த ஒரு வழக்குக்காக அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி நாத்தான். பிறர் வீட்டு இழப்புக்கு அதே காரணத்தைக் கற்பிக்கும் அதிகாரம் எவருக்கும் தரப்படவில்லை. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனுமல்ல, பெற்றோருமல்ல என்று இயேசு மறுத்ததை யோவான் 9 பதிவுசெய்கிறது.

யோபு முதலில் கர்த்தரை ஸ்தோத்திரித்தாரே, வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் தண்டிக்கப்பட்டார்களே என்றும் கேட்கலாம். முறுமுறுத்தவர்கள் கடவுளுக்குப் புறம்பாகத் தங்களுக்குள் பேசி, எகிப்துக்குத் திரும்பப் பார்த்தார்கள். புலம்புகிறவர் கடவுளின் முகத்துக்கு நேரே பேசுகிறார். யோபுவும் முதல் ஸ்தோத்திரத்தோடு நிற்கவில்லை. பல அதிகாரங்களுக்கு வழக்காடினார். இறுதியில் கடவுளின் கண்டனத்துக்கு ஆளானவர்கள், துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர்களே. பதில் தராத கடவுளோடு பேசுவது வெறும் மனத்தேறுதல் என்று நம்பிக்கையற்றோர் கருதலாம். மனத்தேறுதல் மட்டுமே நோக்கம் என்றால் 88ஆம் சங்கீதம் வேறு விதமாக முடிந்திருக்கும். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாக நம்புகிறவரே இவ்வளவு கசப்பை அவர் முன் கொட்ட முடியும். சிலுவையில் இயேசுவே கைவிடப்பட்டவராகக் கதறியதை நினைவுகூரும் மதம் இந்தக் கதறலை அவிசுவாசம் என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே சபைகளின் கடமை தெளிவானது. குழந்தையை இழந்தோருக்குக் காரணம் சொல்வதை நிறுத்த வேண்டும்; அடக்க ஆராதனையிலும் அதன்பின் வரும் மாதங்களிலும் புலம்பல் சங்கீதங்களை அவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். ஜெபிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் தாயையும் தகப்பனையும் விசுவாசிகளாகவே எண்ணி, அவர்களுக்காக மற்றவர்கள் ஜெபிக்க வேண்டும்.